கடலடியில் ஒரு கோப்பை: அதற்குப் பெயர் வைத்த தளபதி தாமஸ் ஹார்ட்விக் யார்?

மலாக்கா கடற்கரையில் நடக்கும்போது, அலை ஒதுக்கிப் போட்ட பஞ்சு மாதிரி ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். குழாய் குழாயாக இருக்கும், தொட்டால் சொரசொரக்கும், வெயிலில் காய்ந்தால் நாற்றம் தாங்காது. ஏதோ செடி என்று காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பீர்கள். அது செடி இல்லைங்க, ஒரு விலங்கு. பெயர் கடற்பஞ்சு.

சரி, அது எந்த இனம்? இதற்குப் பதில் சொல்வது நிபுணர்களுக்கே லேசில்லை. நம் நீரிணையின் தென்முனையில், சிங்கப்பூர்க் கரையில் கிடைத்த ஒரு கடற்பஞ்சின் கதை அதைக் காட்டுகிறது. அதற்குப் பெயர் வைத்தவர் விஞ்ஞானிகூட இல்லை, ஒரு பீரங்கிப்படை அதிகாரி.

யார் இந்த ஹார்ட்விக்?

தாமஸ் ஹார்ட்விக் 1756இல் பிறந்த ஆங்கிலேயர். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப்படையில் சேர்ந்தார். தமிழ்நாட்டு ஊர்களும் அவர் வாழ்க்கையில் வருகின்றன. ஹைதர் அலி காலத்துப் போர்களில் வேலூர்ப் பக்கம் போனார், கடலூர் முற்றுகையில் நின்றார். படிப்படியாக உயர்ந்து 1819இல் மேஜர் ஜெனரல் ஆனார். கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் இருந்த பீரங்கிப்படைக்கு அவர்தான் தலைமை.

போனதெல்லாம் படையோடுதான். ஆனால் போன இடமெல்லாம் பாம்பு, பல்லி, பறவை, மீன் என்று சேகரித்துக்கொண்டே இருந்தார். சம்பளம் கொடுத்து இந்திய ஓவியர்களை வைத்து அவற்றை வரைய வைத்தார். சேர்ந்த படங்கள் சுமார் 4,500. வரைந்த கைகளில் பெரும்பாலானவற்றின் பெயர் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. ஹார்ட்விக் பெயரோ இந்திய முள்வால் உடும்புப் பல்லியின் அறிவியல் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கைநழுவிய சிவப்புப் பாண்டா

உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு கறாரான விதி உண்டு. யார் முதலில் பார்த்தார் என்பது கணக்கில் வராது. யாருடைய விவரிப்பு முதலில் அச்சில் வந்தது என்பதே கணக்கு.

இந்த விதியால் ஹார்ட்விக் ஒருமுறை தோற்றார். இமயமலையின் சிவப்புப் பாண்டாவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1821இல் லண்டனில் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. அச்சில் வந்ததோ 1827இல். அதற்கு 2 ஆண்டுகள் முன்பே, 1825இல், பிரான்சின் கூவியே அந்த விலங்குக்குப் பெயர் வைத்துவிட்டார். பெருமை அவருக்குப் போனது.

கடற்பஞ்சு விஷயத்தில் நடந்தது நேர்மாறு.

1819இல் சிங்கப்பூரில் கம்பெனி வணிக நிலையம் தொடங்கியது. அதன் முதல் ரெசிடென்ட் வில்லியம் ஃபார்குவார், அதற்கு முன் மலாக்காவை நிர்வகித்தவர். அடுத்த ஆண்டே, 1820இல், சிங்கப்பூர்க் கரையில் கிடைத்த ஒரு பெரிய கடற்பஞ்சை ஹார்ட்விக் விவரித்தார். தண்டின் மேல் நிற்கும் பெரிய கோப்பை போன்ற உருவம். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியாகக்கூட அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர் வைத்த பெயர் ஸ்பாஞ்சியா பட்டேரா. பட்டேரா என்றால் லத்தீனில் கிண்ணம்.

1858இல் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஷ்லேகல், அதே இனத்துக்குப் போட்டேரியான் நெப்டியூனி என்று பெயர் வைத்தார். நெப்டியூன் கோப்பை என்ற அழைப்பு உலகமெங்கும் பரவியது. ஆனால் அறிவியல் பெயரில் 1820தான் ஜெயித்தது. இன்றும் அது பட்டேராதான்.

குழாயைப் பார்த்தால் போதாதா?

போதாது. கடற்பஞ்சுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. உடல் முழுக்க உள்ள நுண்துளைகள் வழியாகக் கடல்நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிட்டு, பெரிய துளை வழியாக நீரை வெளியே தள்ளும். குழாய் வடிவம் அதற்கு வசதி. அதனால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல இனங்கள் குழாயாக வளர்கின்றன. அதோடு நீரோட்டம், சேறு, ஆழம் எல்லாம் சேர்ந்து ஒரே இனத்தின் உருவத்தையே மாற்றிவிடும். செத்தால் நிறமும் போய்விடும்.

அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒரு சின்னத் துண்டை வெட்டி பிளீச் திரவத்தில் போடுவார்கள். சதை கரைந்துபோகும். அடியில் தங்குவது கண்ணாடி போன்ற சிலிக்கா நுண் ஊசிகள். நுண்ணோக்கியில் அவற்றின் வடிவத்தையும் நீளத்தையும் அளந்து, உடலுக்குள் அவை எப்படி அடுக்கியிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சில கடற்பஞ்சுகளில் ஊசியே இருக்காது, நார் மட்டும்தான். இப்போது மரபணுச் சோதனையும் கைகொடுக்கிறது.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வெளியாள் கண்ணுக்கு மரமெல்லாம் ஒன்றுதான். கத்தி வைத்துச் சீவினவருக்குத்தான் பட்டையும் பாலும் வித்தியாசம் சொல்லும்.

நெப்டியூன் கோப்பையின் ஊசிகள் குண்டூசி மாதிரி: ஒரு முனையில் கொண்டை, மறுமுனை கூர். சிப்பியையும் பவளத்தையும் துளைத்து வாழும் கிளியோனா வகைக் கடற்பஞ்சுகளுக்கும் இதே குண்டூசிதான். கம்பீரமாக நிற்கும் கோப்பையும் ஓட்டுக்குள் ஒளியும் துளைப்பானும் ஒரே பேரினம் என்று உருவத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இப்போதைய முழுப் பெயர் கிளியோனா பட்டேரா.

பெயர் இருந்ததால் திரும்பி வந்தது

இந்த அபூர்வக் கோப்பையை அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் போட்டி போட்டு எடுத்தார்கள். 1908க்குப் பிறகு சிங்கப்பூர்க் கடலில் அதை உயிரோடு பார்த்ததாகப் பதிவு இல்லை. அழிந்தே போச்சு என்று பலர் முடிவு கட்டினார்கள். 2011இல் செயிண்ட் ஜான் தீவுக்கு அருகே கடலடியை ஆய்வு செய்த முக்குளிப்பாளர்கள் கண்ணில் அது மறுபடி பட்டது. கடலடியில் நிற்பது இன்னொரு பீப்பாய்க் கடற்பஞ்சு இல்லை, இதுதான் என்று உறுதிப்படுத்த உதவியது பழைய விவரிப்புகளும் அருங்காட்சியக மாதிரிகளும்தான்.

அதைப் பார்க்க ஹார்ட்விக் இல்லை. 1823இல் இங்கிலாந்து திரும்பியவர், தன் ஓவியங்களைக் கொண்டு இந்திய விலங்கியல் பற்றிய பெரும் படநூலைக் கொண்டுவந்தார். அதற்கான விளக்க உரை வருவதற்குள், 1835இல் லண்டனில் இறந்தார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை புலாவ் பெசார் பக்கம் போகும்போது குழாய்க் கடற்பஞ்சு ஒன்று உயிரோடு கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலோ நாணயமோ வைத்துப் படம் எடுங்கள். இடம், தேதி, ஆழம், நிறம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். படத்தை மட்டும் வைத்து இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் அது அங்கே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. எழுதி வைக்காத ஒன்று காணாமல் போனால், போனதுகூட நமக்குத் தெரியாது.