விக்ரம் சாராபாயும் புவியின் காந்தக் கவசமும்

திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே, அரபிக் கடலின் ஓரத்தில் தும்பா என்னும் சிற்றூர் உள்ளது. தென்னை மரங்களும் மணல்வெளியும் மீனவர் குடியிருப்புகளும் சூழ்ந்த ஊர் அது. அங்கே புனித மகதலேனா மரியாள் பெயரில் ஒரு தேவாலயம் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அறிவியல் அறிஞர் ஒருவர் அவ்வூரைத் தேடி வந்தார். அவரை ஈர்த்தது கடலின் அழகன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோடு. அந்த அறிஞரே இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் விக்ரம் சாராபாய்.

இளமையும் கல்வியும்

விக்ரம் சாராபாய் 1919 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் புகழ்பெற்ற ஆலை உரிமையாளர், தாயார் சரளாதேவி. செல்வக் குடும்பத்தில் பிறந்தும் தொழிலைவிட அறிவியலே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் தாயகம் திரும்பினார்; பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின் வழிகாட்டுதலில் ஆய்வைத் தொடங்கினார்.

அவர் தேர்ந்த பொருள் அண்டக்கதிர்கள். விண்வெளியின் தொலைவிடங்களிலிருந்து மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள் இடைவிடாது புவியை நோக்கிப் பாய்ந்து வருகின்றன. அவற்றையே அண்டக்கதிர்கள் என்பர். இவ்வாய்வுக்காக 1947 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அதன் பின்னர் கொடைக்கானலிலும் திருவனந்தபுரத்திலும் அண்டக்கதிர்களை அளக்கும் நிலையங்கள் அமைந்தன.

கண்ணுக்குத் தெரியாத கவசம்

அண்டக்கதிர்களை ஆராய்பவர் புவியின் காந்தப்புலத்தையும் அறிந்தாக வேண்டும். புவி ஒரு பெருங்காந்தம் போலச் செயல்படுகிறது. வெளியிலிருந்து வரும் மின்துகள்களை அதன் காந்தப்புலம் வளைத்துத் திருப்பிவிடுகிறது. மிகுந்த ஆற்றல் உடையவை மட்டுமே அதனைக் கடந்து உள்ளே வருகின்றன. இத்தடை துருவப் பகுதிகளில் குறைவாகவும் காந்த நடுக்கோட்டின் அருகே மிகுதியாகவும் இருக்கும்.

மேலும் கீழும் தடையின்றிச் சாயும்படி தொங்கவிட்ட காந்த ஊசி, பிற இடங்களில் ஒருபுறம் சாய்ந்து நிற்கும். காந்த நடுக்கோட்டில் மட்டும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும். அக்கோடு திருவனந்தபுரத்திற்கு அருகே செல்கிறது. அக்கோட்டிற்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் பாய்கிறது. பலூன்கள் அவ்வளவு உயரம் செல்வதில்லை. செயற்கைக்கோள்களோ அதற்கும் மேலே சுற்றுகின்றன. எனவே அதனை ஆராய ஏவூர்தியே தக்க கருவி. சாராபாய் தும்பாவைத் தேர்ந்தெடுத்தமைக்கு இதுவே காரணம்.

தும்பா மக்களின் கொடை

நிலம் கிடைப்பது எளிதாக இல்லை. தேவாலயமும் மீனவர்களின் வீடுகளும் அங்கே இருந்தன. வறுமை மிகுந்த நாட்டிற்கு விண்வெளி ஆய்வு எதற்கு என்று கேட்டோரும் உண்டு. வானிலையை அறியவும், தொலைவில் உள்ள ஊர்களுக்குக் கல்வியையும் செய்தியையும் கொண்டு சேர்க்கவும் இவ்வறிவியல் உதவும் என்று சாராபாய் உறுதியாக நம்பினார். அவர் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைச் சந்தித்துத் தம் நோக்கத்தை விளக்கினார். ஆயர் அதனை மக்களிடம் எடுத்துரைத்தார். தலைமுறை தலைமுறையாகத் தொழுத தேவாலயத்தையும் வாழ்ந்த மண்ணையும் விட்டு அவர்கள் வேறிடம் சென்றனர். தேவாலயம் அறிவியலாளரின் பணியிடமாக மாறியது. இன்று அது விண்வெளி அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

வசதிகள் மிகக் குறைவு. ஏவூர்தியின் பாகங்கள் மிதிவண்டியிலும் கொண்டு செல்லப்பட்டன. அங்குப் பணியாற்றிய இளைஞர்களுள் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் ஒருவர். 1963 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள் மாலை, அமெரிக்கா வழங்கிய ஏவூர்தி தும்பாவிலிருந்து விண்ணில் பாய்ந்தது. அது உமிழ்ந்த சோடியம் ஆவி, அந்தி வானில் செம்மஞ்சள் நிற மேகமாக ஒளிர்ந்தது.

கவசம் இல்லாத உலகங்கள்

புவிக்கு இக்கவசம் எங்கிருந்து வந்தது? தரைக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு நிறைந்த வெளிக்கருவம் உள்ளது. உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறும்போது, உலையில் கொதிக்கும் நீர்போல அவ்விரும்பு மேலும் கீழும் புரள்கிறது. புவியின் சுழற்சி அப்புரள்வை ஒழுங்குபடுத்துகிறது. ஓடும் இரும்பில் மின்னோட்டம் பிறக்க, அதிலிருந்து காந்தப்புலம் தோன்றுகிறது. உருகிய உலோகம், அதனைப் புரட்டும் வெப்பம், சுழற்சி ஆகிய மூன்றும் இணைய வேண்டும்.

நிலவு சிறியது, ஆதலால் விரைவில் குளிர்ந்தது. பண்டைக் காலத்தில் அதற்கும் காந்தப்புலம் இருந்தது என்பதை அங்கிருந்து கொணர்ந்த பாறைகள் காட்டுகின்றன. இன்று அது இல்லை. செவ்வாயின் கருவத்தில் உருகிய இரும்பு இன்னும் உண்டு. ஆயினும் அது போதிய அளவு புரள்வதில்லை. கவசத்தை இழந்தபின் செவ்வாயின் காற்று மண்டலத்தில் பெரும்பகுதியைச் சூரியக் காற்று சிறிது சிறிதாகக் கவர்ந்து சென்றது. வெள்ளி புவியை ஒத்த பருமன் உடையது. எனினும் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள்கள் ஆகின்றன. அதன் கருவத்திலும் போதிய புரள்வு இல்லை என்று அறிஞர்கள் கருதுகின்றனர். வியாழனின் துணைக்கோளான கானிமீடோ தனக்கெனக் காந்தப்புலம் உடையது. ஆகவே பருமன் மட்டும் இதனை முடிவு செய்வதில்லை. உள்ளே நிகழும் புரள்வே உயிர்நாடி.

நிலைத்த பெயர்

தும்பாவின் பணிகளைக் காண வந்திருந்த சாராபாய், 1971 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 52. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா விண்ணேறியதைக் காண அவர் இல்லை. திருவனந்தபுரத்தின் விண்வெளி மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1973 ஆம் ஆண்டு நிலவின் ஒரு பள்ளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 ஆம் நாள், விக்ரம் என்னும் தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவத்தை அடுத்து இறங்கியது. காந்தக் கவசமற்ற அந்நிலத்தில் அண்டக்கதிர்கள் தடையின்றி விழுகின்றன. அக்கதிர்களை அறிவதற்கே வாழ்நாளைத் தந்தவரின் பெயர் அங்கே நிலைபெற்றிருக்கிறது.