ஏதுமற்ற செல்வர் ஸ்ரீ சட்டம்பி சுவாமிகள்

திருவனந்தபுரத்தின் நடுவே வெண்ணிறத் தூண்களுடன் கம்பீரமாக நிற்கிறது தலைமைச் செயலகக் கட்டடம். 1869-ஆம் ஆண்டு அது கட்டி முடிக்கப்பட்டது. அதன் கட்டுமானப் பணிக்காக மண்ணும் கல்லும் சுமந்த கூலியாட்களுள் ஏழைச் சிறுவன் ஒருவனும் இருந்தான். பிற்காலத்தில் கேரளம் முழுவதும் மகானாகப் போற்றிய ஸ்ரீ சட்டம்பி சுவாமிகளே அச்சிறுவன்.

சுவாமிகள் 1853-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த கண்ணம்மூலையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஐயப்பன். வீட்டில் அனைவரும் செல்லமாகக் குஞ்ஞன் என்று அழைத்தனர். பள்ளிக்கு அனுப்ப வசதியில்லாத குடும்பம் அது. பள்ளி சென்று திரும்பும் அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டே அவர் எழுத்துகளைக் கற்றார். பின்னர் பேட்டை இராமன் பிள்ளை ஆசானின் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே மாணவர்களை மேற்பார்க்கும் சட்டாம்பிள்ளைப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. 'சட்டம்பி' என்னும் பெயர் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது இதனால்தான்.

குடும்பத்தைக் காக்க அவர் செய்யாத வேலை இல்லை. கூலி வேலை செய்தார், பத்திரம் எழுதினார். திவான் சர் டி. மாதவராவ் காலத்தில் நடைபெற்ற எழுத்தர் தேர்வில் முதலிடம் பெற்று, அரசுப் பணியிலும் அமர்ந்தார். தாம் மண் சுமந்து எழுப்பிய அதே செயலகத்தில் எழுத்தராக அமரும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? வறுமையில் வளர்ந்த இளைஞனுக்கு அது பெரும் பற்றுக்கோடு. எனினும் சில காலத்திலேயே அவர் அப்பணியை விட்டு விலகினார். உள்ளம் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை அவரிடம் இருந்தது இல்லாமை; அதற்குப் பின் அவர் ஏற்றது வேண்டாமை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இல்லாமை விதி சுமத்தியது. வேண்டாமை அவரே தேர்ந்துகொண்டது. பொருள் வரும் வழி திறந்த பிறகு அதை நாடாதிருப்பதே துறவு.

பொருளைச் சேர்க்காத அவர் அறிவைச் சேர்ப்பதில் சற்றும் சளைக்கவில்லை. தைக்காடு ஐயாவு சுவாமிகளிடம் யோகமும், சுவாமிநாத தேசிகரிடம் தமிழ் நூல்களும் பயின்றார். நம் தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சிக்குச் சென்று, சுப்பா ஜடாபாடிகளிடம் சில ஆண்டுகள் தங்கி வேதாந்தமும் சாத்திரங்களும் கற்றார். பின்னர் தென்னகமெங்கும் அலைந்து திரிந்தார். நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் ஓர் அவதூதரைக் கண்டு அருள் பெற்றார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

ஞானியாகத் திரும்பிய பின்னும் அவர் காவி உடுத்தவில்லை. எளிய வெள்ளை வேட்டியே அவரது உடை. மடம் நிறுவவில்லை, ஆசிரமம் அமைக்கவில்லை. அன்பர்களின் இல்லங்களே அவருக்கு இருப்பிடம். ஓரிடத்தில் சில நாள். பிறகு அடுத்த ஊர். இசைக்கருவிகள் பலவற்றை வாசிக்க வல்லவர். கூபக்கர மடத்தில் இருந்த பழஞ்சுவடிகளை ஆழ்ந்து கற்றார். கற்றது நெஞ்சில் தங்கியது, சுவடிகள் மடத்திலேயே தங்கின.

1892-ஆம் ஆண்டு டிசம்பரில், பரிவிராஜகராக வந்த சுவாமி விவேகானந்தரை அவர் எர்ணாகுளத்தில் சந்தித்தார். சின்முத்திரையின் உட்பொருளைப் பற்றி விவேகானந்தர் வினவ, சுவாமிகள் தந்த விளக்கம் அவரைப் பெரிதும் மகிழ்வித்தது. உடைமை என்று சொல்ல ஏதுமில்லாத இருவர் சந்தித்து ஒருவரையொருவர் நிறைவித்த காட்சி அது!

இந்த வாழ்க்கைக்கு ஒரு விலையும் இருந்தது. சுவாமிகள் தாம் எழுதியவற்றைப் பேணிச் சேர்த்து வைக்கவில்லை. அன்பர்களிடமே விட்டுச் சென்றார். அவற்றுள் சில நமக்குக் கிடைக்காமலே போயின. ஆயினும் வேதம் ஓதும் உரிமை அனைவர்க்கும் உண்டு என நிறுவும் 'வேதாதிகார நிரூபணம்' போன்ற நூல்கள் எஞ்சி, சமுதாயத்தின் கண்களைத் திறந்தன. அவரது இளைய தோழரான ஸ்ரீ நாராயண குருவோ கோயில்களையும் பள்ளிகளையும் நிறுவி மக்களை உயர்த்தினார். நிறுவியவரும் மகான், எதையும் நிறுவாதவரும் மகான். எதுவும் தமது என்று இருவரும் கருதவில்லை என்பதே இருவர்க்கும் பொது.

1924-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், கொல்லத்தை அடுத்த பன்மனையில் சுவாமிகள் மகாசமாதி எய்தினார். பங்கிட்டுக்கொள்ளச் சொத்து எதுவும் இல்லை. அவ்விடத்தில் பின்னர் அன்பர்கள் ஆசிரமம் எழுப்பினர்.

இல்லறத்தில் இருக்கும் நாம் சுவாமிகளைப் போல் வீடின்றி வாழ இயலாது; வாழவும் வேண்டியதில்லை. அவருக்கு உணவும் இடமும் அளித்தவர்கள் இல்லறத்தாரே அல்லவா? கொடுப்பதற்கு வீட்டில் ஏதேனும் இருக்கத்தான் வேண்டும். ஆனால் இன்று நம் வீடுகளில் இருப்பவை கொடுப்பதற்காகவா இருக்கின்றன? பரணில் ஆண்டுக்கணக்கில் தூசு படிந்த பாத்திரங்கள். அலமாரியில் உடுத்தாத துணிகள். பிள்ளைகள் படித்து முடித்துக் கட்டி வைத்த பாடப்புத்தகங்கள். என்றாவது உதவும் என்று நாம் பூட்டி வைத்த ஒரு புத்தகம், இன்றே ஒரு குஞ்ஞனுக்குப் பள்ளியாக அமையக்கூடும்.

இந்த மாதம் ஒரு நாள் அந்தப் பரணைத் திறந்து பார்ப்போம். நமக்குத் தேவையற்றதாய், பிறர்க்குப் பயன்படுவதாய் இருப்பதை உரியவரிடம் சேர்ப்போம். வீட்டில் இடம் பெருகும், உள்ளத்திலும் பெருகும். அதுவே ஏதுமற்ற அச்செல்வருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.