ஐசயேவ் காணாத பறப்பு

1961 இல் யூரி ககாரின் பூமிக்கு மீள்கையில் கலத்தின் வேகத்தைத் தணித்த இயந்திரம் சோவியத் பொறியியலாளர் அலெக்ஸி ஐசயேவின் படைப்பாகும். 1908 இல் பிறந்த அவர், அறுபதுகளில் அதனினும் கடினமானதொரு பணியை ஏற்றார். மறை 253 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் திரவ ஐதரசனைத் திரவ ஒட்சிசனுடன் எரிக்கும் மேற்கட்ட இயந்திரம் அது. உந்துவிசை ஏறத்தாழ 7.5 தொன். சந்திரப் பயணத்துக்கான என்-1 ரொக்கட்டுக்கென அது உருவாக்கப்பட்டது. 1971 இல் ஐசயேவ் மறைந்தார். என்-1 திட்டமும் 1974 இல் நிறுத்தப்பட்டது. குறையேதுமின்றியே அவ்வியந்திரம் கிடப்பில் போடப்பட்டது.

1991 இல் இந்தியா அதனை வாங்க ஒப்பந்தம் செய்தது. அமெரிக்க நெருக்குதலால் 1993 இல் தொழில்நுட்பத்தைக் கையளிக்க ரஷ்யா மறுத்து, ஆயத்தமான கட்டங்களை மட்டுமே வழங்க இணங்கியது. 2001 ஏப்ரல் 18 இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து எழுந்த ஜி.எஸ்.எல்.வி. ரொக்கட்டில் அது முதன்முறையாக விண்ணில் எரிந்தது. அமைத்தவர் மறைந்து முப்பது ஆண்டுகளாகியிருந்தன.