டார்வின் செய்த தவறு

சார்லஸ் டார்வினுக்கு அப்போது வயது 26. உலகம் சுற்றி வந்த “பீகிள்” என்ற ஆங்கிலேயக் கப்பலில் அவரும் இருந்தார். 1835 செப்டம்பரில் அந்தக் கப்பல் காலபாகஸ் தீவுகளை அடைந்தது.

தென் அமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் கடலில் இருக்கும் எரிமலைத் தீவுகள் அவை. கரையெல்லாம் கறுப்புப் பாறை. வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும்.

அங்கே ராட்சத ஆமைகள் திரிந்தன. டார்வின் ஒன்றின் முதுகில் ஏறி, ஓட்டைத் தட்டினார். ஆமை எழுந்து நடந்தது. இவரால் சரியாக உட்கார முடியவில்லை!

கடலில் நீந்திப் பாசி தின்னும் பெரிய பல்லிகளும் இருந்தன. ஒன்றைப் பிடித்துத் தண்ணீரில் வீசினார். அது நேராக அவர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்தது. எத்தனை முறை வீசினாலும் அப்படியே!

தீவுகளின் துணை கவர்னர் லாசன் ஒரு விஷயம் சொன்னார். ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு ஆமை என்று அவர் கண்டுபிடித்து விடுவாராம். டார்வின் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தாம் சேர்த்த குருவிகளில் பலவற்றை, எந்தத் தீவில் பிடித்தது என்று குறிக்காமல் கலந்துவிட்டார். கப்பலில் ஏற்றிய ஆமைகளோ சமையலுக்குப் போயின. ஓடுகள் கடலுக்குப் போயின!

1837-ல் லண்டனில் பறவை நிபுணர் ஜான் கூல்டு அந்தக் குருவிகளைச் சோதித்தார். அவை வெவ்வேறு இனங்கள் என்றார். டார்வினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எது எந்தத் தீவுக் குருவி?

நல்லவேளை, கப்பல் தலைவர் பிட்ஸ்ராயும் குருவிகள் சேர்த்திருந்தார். தீவின் பெயரையும் குறித்து வைத்திருந்தார். அவற்றை வைத்துத்தான் டார்வின் தம் குருவிகளுக்குத் தீவு தேடினார். உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று விளக்கும் அவருடைய புத்தகம் 1859-ல் வெளிவந்தது.