புள்ளி வச்சவர்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி படிச்ச யாரும் இந்தப் புள்ளிகளிடமிருந்து தப்பிச்சிருக்க மாட்டோம். குளோரினுக்கு ஏழு, ஆக்சிஜனுக்கு ஆறு, நைட்ரஜனுக்கு அஞ்சு. எதுக்குன்னு யோசிக்காம, மார்க்குக்காக வச்சுக்கிட்டே போனோம். முதல்ல அதை வச்சவர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ். அவர் கதை நம்ம ஃபைனல் இயர் ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது.

1875ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். சின்ன வயசுப் படிப்பு பெரும்பாலும் வீட்டிலேயே. 1899ல் ஹார்வர்டில் பிஎச்.டி. முடித்து, அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

1902ல் மாணவர்களுக்கு அணுவை விளக்க ஒரு படம் போட்டார். அணு ஒரு கனசதுரம், அதன் எட்டு மூலைகளில் எலக்ட்ரான்கள். சோடியத்துக்கு வெளியே ஒரே ஒரு எலக்ட்ரான். குளோரினுக்கு ஏழு மூலை நிரம்பி, ஒண்ணு காலி. சோடியம் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டால் ரெண்டு பேர் கணக்கும் சரியாகிவிடும். நம்ம சாப்பாட்டு உப்பு இப்படித்தான் உருவாகுது.

ஆனா குளோரினோடு குளோரினே சேர்ந்தா? ரெண்டு பேர்கிட்டயும் ஏழுதான். யார் யாருக்குக் கொடுப்பது? இதுக்கு அந்தப் படத்தில் நல்ல பதில் இல்லை. அதை அவர் வெளியிடவும் இல்லை. நோட்டுத் தாளில் அப்படியே கிடந்தது. நடுவில் மணிலாவில் ஒரு வருஷம் எடை அளவு அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிறகு எம்ஐடி. 1912ல் பெர்க்லிக்குப் போய் வேதியியல் துறையை நடத்த ஆரம்பித்தார்.

படம் போட்டு 14 வருஷம் கழித்து, 1916ல், பதிலோடு கட்டுரை வந்தது. யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் பொதுவில் வைத்தால் போதும். அந்த ஜோடி ரெண்டு பேர் கணக்கிலும் சேரும், ரெண்டு பேருக்கும் எட்டு. தமிழ்ப் புத்தகத்தில் சகப்பிணைப்பு என்று இருப்பது இதுதான். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுமே, எப்படி ஜோடி சேரும் என்ற கேள்விக்கு அன்று சரியான விளக்கம் இல்லை. 1927ல்தான் ஹைட்லரும் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறை எடுத்து, குவாண்டம் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதற்குள் முதல் உலகப் போர். 1918ல் லூயிஸ் ராணுவ வேலையாக பிரான்ஸ் போனார். 1919ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் இர்விங் லாங்மியூர் இந்தக் கருத்தை எடுத்து விரிவாக்கினார். கோவேலன்ட் என்ற பெயரும் அவர் தந்ததுதான். லூயிஸின் பெயரை அவர் மறைக்கவில்லை. ஆனா அவர் மேடையில் அசத்துகிற ஆள், லூயிஸுக்கு மேடை அவ்வளவாக ஒத்துவராது. கேட்டவர்கள் பலர் இதை லாங்மியூர் கொள்கை என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வருத்தம் லூயிஸுக்கு இருந்தது.

1932ல் லாங்மியூருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிணைப்புக்காக இல்லை, மேற்பரப்பு வேதியியலுக்காக. லூயிஸிடம் படித்த ஹெரால்டு யூரிக்கு 1934ல் கிடைத்தது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் லூயிஸுக்குக் கடைசிவரை வரவே இல்லை. ஆனாலும் அவர் வேலையை விடவில்லை. 1946 மார்ச் 23 அன்று, 70 வயசில், பெர்க்லி ஆய்வகத்திலேயே இறந்து கிடந்தார்.

ப்ராஜெக்ட் ரிவ்யூல நாமும் பார்க்கிறோம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேலை செய்தவன் பின்னாடி நிற்பான், நல்லாப் பேசுறவன் பேர் வாங்குவான். பேசினவன் திருடன் இல்லை. ஆனா செய்தவன் தன் வேலையை நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், வேறு யாராவதுதான் அதைச் சொல்ல வேண்டி வரும். லூயிஸ் விஷயத்தில் காலம் கொஞ்சம் கருணை காட்டியது. இன்று அந்தப் படத்துக்கு நம்ம புத்தகத்தில் இருக்கும் பேர் லூயிஸ் ஸ்ட்ரக்சர். நம்ம ரிவ்யூவுக்கு அவ்வளவு வருஷம் டைம் கிடையாது.