சும்மா இருப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? மலைக்கோட்டை தாயுமானவரும் இன்றைய மைண்ட்ஃபுல்னஸ் சிகிச்சையும்

மண்ணச்சநல்லூரில் காலை பஸ் ஏறி திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி அத்துப்படி. நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடம் பாலம், திருவானைக்காவல், காவிரிப் பாலம். நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை. ஆனால் நிமிர்ந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்? கண் போனில் இருக்கும். மனசு நேற்று மேனேஜர் அனுப்பிய மெசேஜிலோ, அடுத்த மாச இ.எம்.ஐ.யிலோ இருக்கும். உடம்பு மட்டும்தான் பஸ்ஸில்.

கிட்டத்தட்ட 300 ஆண்டுகளுக்கு முன்னால் இதே மலைக்கோட்டையின் நிழலில் ஒரு அரசு அதிகாரிக்கும் இதே பிரச்சினை இருந்தது. கையில் கணக்கு ஓலை, மனசு வேறெங்கோ. அதை அவர் மறைக்கவில்லை. பாட்டாகவே எழுதி வைத்தார். அவர்தான் தாயுமானவர். மன அழுத்தம், பதற்றம், மைண்ட்ஃபுல்னஸ் என்று பேசும் இந்தக் காலத்தில் அவருடைய வாழ்க்கையைத் திரும்பப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. என்னவென்று பார்ப்போம்.

யார் இந்தத் தாயுமானவர்?

அவருடைய குடும்பத்துக்குப் பூர்வீகம் வேதாரண்யம். தந்தை கேடிலியப்ப பிள்ளை, தாய் கஜவல்லி அம்மை. தந்தையின் நிர்வாகத் திறமையைப் பார்த்த நாயக்க மன்னர், அவரைத் திருச்சிக்கு அழைத்து அரண்மனைக் கணக்கு வேலையில் அமர்த்தினார். மூத்த மகன் சிவசிதம்பரத்தை ஏற்கெனவே அண்ணனுக்குத் தத்துக் கொடுத்திருந்தார் கேடிலியப்பர். வீட்டில் இன்னொரு குழந்தை வேண்டும் என்று மலைக்கோட்டை இறைவனிடம் வேண்டிக்கொள்ள, 1705 வாக்கில் பிறந்த பிள்ளைக்கு அந்த இறைவனின் பெயரையே வைத்தார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. பிரசவ வலியில் இருந்த ரத்னாவதி என்ற பெண்ணுக்கு உதவியாக இருக்க அவள் அம்மா கிளம்பி வருகிறாள். காவிரியில் வெள்ளம். கரையைக் கடக்க முடியவில்லை. சிவனே அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். அதனால்தான் தாயும் ஆனவர். தவிக்கிறவருக்குப் பக்கத்தில் ஒருத்தர் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கதையின் உயிர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

தமிழ், வடமொழி இரண்டையும் நன்றாகப் படித்தார் தாயுமானவர். தந்தை இறந்த பிறகு அவருடைய பொறுப்பு மகனுக்கு வந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர். ஸ்ரீரங்கம் கோயிலில் குடும்பத்தோடு சிலையாக நிற்கிறாரே, அதே மன்னர்தான். இன்றைய மொழியில் சொன்னால், தலைநகரில் அரசின் நிதிக் கணக்கைப் பார்க்கும் உயர் பதவி. இளம் வயது, நல்ல சம்பளம், மன்னரின் நம்பிக்கை, எல்லாமே இருந்தது.

ஆபீஸில் உடம்பு, கோயிலில் மனசு

செவிவழியாக வரும் ஒரு கதை. ஒருநாள் தர்பார் நடந்துகொண்டிருக்கிறது. கையில் இருந்த முக்கியமான ஆவணத்தைத் தாயுமானவர் தன்னை மறந்து கசக்கிவிடுகிறார். சபையே அதிர்ந்துபோகிறது. பிறகுதான் திருவானைக்காவலில் இருந்து சேதி வருகிறது. அகிலாண்டேஸ்வரி அம்மன் ஆடையில் தீப்பொறி பட்டதாம். அதைக் கசக்கி அணைத்தவர் தாயுமானவராம்.

பக்தர்களுக்கு இது அற்புதம். நடந்ததா இல்லையா என்ற கேள்விக்குள் நாம் போக வேண்டாம். ஆனால் இந்தக் கதையை உருவாக்கி, தலைமுறை தலைமுறையாகச் சொன்ன திருச்சி மக்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது: இந்த மனிதர் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று, இருக்கும் இடம் வேறொன்று.

குரு சொன்னதும் செய்ததும்

மலைக்கோட்டையில் மௌனகுரு என்று அழைக்கப்பட்ட ஒரு துறவி இருந்தார். திருமூலர் மரபில் வந்தவர். வேலையை உதறிவிட்டு அவர் பின்னாலேயே போய்விட வேண்டும் என்று தாயுமானவருக்குத் தோன்றியது. இன்று நமக்கும் அடிக்கடி தோன்றுவதுதான்: ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு எங்காவது மலைக்குப் போய்விடலாமா?

குரு உடனே தலையாட்டவில்லை. சும்மா இருக்கச் சொன்னார். அதோடு விட்டுவிடவும் இல்லை. இப்போது துறவுக்கு நேரம் வரவில்லை, முதலில் இல்லறத்தில் இரு, ஒரு குழந்தை பிறந்த பிறகு நானே வருகிறேன் என்ற பொருளில் வழிகாட்டினார் என்கிறது அவருடைய வரலாறு. சொன்னபடியே பிறகு வரவும் செய்தார்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். குரு செய்தவை மூன்று. முதலில், வந்தவரின் நிலையை அளந்து பார்த்தார். இரண்டாவதாக, எல்லோருக்கும் ஒரே மருந்து என்று இல்லாமல், அவருக்குப் பொருந்தும் வழியைச் சொன்னார். மூன்றாவதாக, திரும்பி வந்தார்.

வேலை போனது, ஊர் மாறியது

1732-ல் மன்னர் விஜயரங்கர் வாரிசு இல்லாமல் இறந்தார். ராணி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். அரியணைப் போட்டியும் வெளிப் படைகளின் நெருக்கடியும் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே நாயக்கர் ஆட்சி முடிவுக்கு வந்தது. அந்தக் குழப்பமான காலத்தில்தான் தாயுமானவர் திருச்சியை விட்டு வெளியேறுகிறார். ராணிக்கு அவர் மீது விருப்பம் இருந்தது, அதைத் தவிர்க்கவே இரவோடு இரவாகக் கிளம்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம்.

சீடர் அருளையரோடு ராமநாதபுரம் போனார். அங்கிருந்து அண்ணன் சிவசிதம்பரம் வேதாரண்யத்துக்கு அழைத்துவந்து திருமணம் செய்துவைத்தார். மனைவி பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மனின் பெயரும் அதுதான். கனகசபாபதி என்று ஒரு மகன் பிறந்தான். கொஞ்ச காலத்திலேயே மனைவி இறந்துபோனார்.

பதவி, ஊர், துணை. மூன்றும் சில ஆண்டுகளுக்குள் கைவிட்டுப் போயின. மகனை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுத் துறவியானார். ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போனார், பாடினார். கடைசியில் ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில், 1740-களின் தொடக்கத்தில், ஒரு தை விசாகத்தன்று சமாதி அடைந்தார். நாற்பது வயதைக்கூடத் தாண்டவில்லை.

பாட்டில் என்ன இருக்கு?

அவர் விட்டுச்சென்றவை 56 தலைப்புகளில் சுமார் 1,450 பாடல்கள். இதில் பராபரக்கண்ணி மட்டும் 389 கண்ணிகள். பின்னாளில் பாரதியார் அவரை வாழ்த்திப் பாடியிருக்கிறார்.

ஞானி என்றால் எப்போதும் அமைதியாக இருப்பார் என்றுதான் நினைப்போம். இந்தப் பாடல்களைப் படித்தால் அந்த எண்ணம் உடைந்துவிடும். மதம் பிடித்த யானையை அடக்கலாம், சிங்கத்தின் மேல் ஏறலாம், தண்ணீரில் நடக்கலாம், ஆனால் மனசை அடக்கிச் சும்மா இருப்பது அதையெல்லாம்விடக் கஷ்டம் என்று ஒரு பாடலில் ஒப்புக்கொள்கிறார். இன்னொன்றில், உலகையே ஆள்பவன் கடலையும் ஆளத் துடிப்பதையும், கோடிகோடியாய்ச் சேர்த்தவன் இன்னும் பொன்னுக்கு அலைவதையும் பட்டியல் போடுகிறார். எந்நாட்கண்ணி முழுக்க, அந்த நிம்மதி எப்போதுதான் வரும் என்ற ஏக்கம்.

அதாவது, தன் மனசில் என்ன ஓடுகிறது என்பதை ஒதுங்கி நின்று பார்க்கிறார். பார்த்ததற்குப் பெயர் வைக்கிறார். வெட்கப்படாமல் வெளியே சொல்கிறார்.

இதற்கும் மைண்ட்ஃபுல்னஸுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடித் தொடர்பு கிடையாது. தாயுமானவர் தேடியது இறைவனை, முக்தியை. ஸ்ட்ரெஸ் குறைப்பது அவர் நோக்கம் அல்ல. அவருக்கு இன்றைய நோய்ப் பெயர் எதையும் ஒட்டுவதும் தவறு.

மைண்ட்ஃபுல்னஸ் சிகிச்சை வந்த வழி வேறு. பௌத்த தியான மரபில் பயிற்சி பெற்ற ஜான் கபாட்-சின், 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மத அடையாளம் எதுவும் அதில் இல்லை. பிறகு செகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காக அதைக் கொஞ்சம் மாற்றி அமைத்தார்கள். 2000-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மனச்சோர்வால் பாதிக்கப்பட்டவர்களை ஒரு வருஷத்துக்கும் மேல் கவனித்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு அது மறுபடி வந்தது. இந்தப் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

பயிற்சியில் என்ன செய்வார்கள்? மனசைக் காலியாக்கச் சொல்ல மாட்டார்கள். அது யாராலும் முடியாது. இப்போது மனசில் என்ன ஓடுகிறது என்று கவனி, பிறகு மூச்சைக் கவனி, பிறகு உடம்பு முழுவதையும் கவனி. மனசு ஓடிப்போகும். ஓடிவிட்டது என்று தெரிந்ததும் திட்டாமல் திரும்பக் கூட்டி வா. மூன்று நிமிஷம் போதும். பஸ்ஸிலும் செய்யலாம்.

சம்பந்தம் இங்கேதான் இருக்கிறது. மனசோடு சண்டை போடாமல் அதை உற்றுப் பார்ப்பது, அது கஷ்டம் என்று ஒப்புக்கொள்வது. இந்த இரண்டும் நம் ஊருக்குப் புதுசு இல்லை. மண்ணச்சநல்லூர் பக்கத்துத் திருப்பட்டூர் கோயிலில் பதஞ்சலியின் ஜீவசமாதி இருப்பதாக நம்பி மக்கள் இன்றும் போய் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

அப்போ தியானம் மட்டும் போதுமா?

போதாது. 2015-16-ல் எடுக்கப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. ஆப் டவுன்லோடு செய்து கண்ணை மூடிக்கொண்டால் எல்லோருக்கும் சரியாகிவிடாது. பழைய அதிர்ச்சிகள் உள்ள சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடவும் செய்யலாம். அதனால்தான் முதலில் மதிப்பீடு.

உளவியல் மதிப்பீடு என்றதும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது ஒரு உரையாடல்தான். தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலை எப்படிப் போகிறது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார்கள். மனச்சோர்வை அளக்க பி.ஹெச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள், பதற்றத்தை அளக்க ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்விகள் பொதுவாகப் பயன்படுகின்றன. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்பதற்கு மார்க். இரண்டிலும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நோய் உறுதி என்று அர்த்தமில்லை. தைராய்டு போன்ற உடல் காரணமா என்று ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம். தேவைப்பட்டால் நினைவாற்றல், ஆளுமை பற்றிய நீண்ட சோதனைகளும் உண்டு. மருந்து எழுதுகிறவர் மனநல மருத்துவர். சோதனையும் பேச்சுச் சிகிச்சையும் தருகிறவர் மருத்துவ உளவியலாளர். சிலருக்கு இரண்டு பேருமே தேவைப்படும்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமா? 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உங்கள் தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ 24 மணி நேரமும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், யோசிக்காமல் உடனே பேசுங்கள்.

இரண்டு விதமான சும்மா

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். சும்மா இரு, எல்லாம் சரியாயிடும் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சொன்னவர் டிவி பக்கம் திரும்பிவிடுவார்.

மலைக்கோட்டையில் மௌனகுரு சொன்னதும் அதே வார்த்தைதான். அதோடு அவர் முடித்துக்கொள்ளவில்லை. யாரிடம் சொல்கிறோம், அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்துச் சொன்னார். மறுபடி வந்து எப்படி இருக்கிறாய் என்றும் பார்த்தார். நல்ல மதிப்பீடும் நல்ல சிகிச்சையும் செய்வது இதைத்தான். ரத்னாவதி கதையில் வெள்ளத்தைத் தாண்டி வந்ததும் இப்படியொரு துணைதான்.

அடுத்த தடவை காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது போனைப் பையில் வையுங்கள். மலைக்கோட்டையை ஒரு நிமிஷம் பாருங்கள். மனசு ஓடிப்போனால் ஓடட்டும், திரும்பக் கூட்டி வாருங்கள். பல நாளாகக் கூட்டி வரவே முடியவில்லை என்றால், தனியாகப் போராட வேண்டாம். யாரிடமாவது பேசுங்கள். 1,450 பாட்டில் தாயுமானவரும் அதைத்தானே செய்தார்!