திடலில் ஓர் ஆசிரியர்: அமோஸ் அலோன்சோ ஸ்டாக்

தோற்றுவாய்

கவிஞர்களும் கவிதை பயில்வோரும் கூடி வளர்த்த நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு விளையாட்டுப் பயிற்சியாளரின் வரலாறு எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில், கற்பித்தலின் பயன் எது, அதனை யார் எப்போது அளப்பது என்னும் ஐயம் எனக்கு நெடுங்காலமாக உண்டு. அவ்வையத்தைத் தம் வாழ்வு முழுவதும் சுமந்து நடந்த ஒருவரைப் பற்றிப் படித்தபோது, அவர் நம் துறைக்கு அயலார் அல்லர் என்றே தோன்றிற்று. அவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். நூற்று இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றில் எழுபதுக்கும் அணித்தான ஆண்டுகளைக் கல்லூரி இளைஞர்களுக்கு ஆட்டம் பயிற்றுவதில் செலவிட்டவர்.

அவர் பயிற்றிய ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. அமெரிக்கக் கால்பந்து என்பது பெயரளவில்தான் காலோடு தொடர்புடையது. நீள்வட்ட வடிவிலான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதும், கொண்டுசெல்வோரை மோதி வீழ்த்தித் தடுப்பதும் அதன் இயல்பு. அந்நாட்டில் இவ்வாட்டம் கல்லூரிகளில்தான் பிறந்து வளர்ந்தது. ஆகவே கல்லூரிப் பயிற்சியாளர் என்பார் ஆங்கு நாடறிந்த பெருமக்களுள் ஒருவராக விளங்குதல் வழக்கம். அவ்வழக்கத்தின் தொடக்கத்தில் நிற்பவர்களுள் ஒருவர் ஸ்டாக்.

இளமையும் கல்வியும்

ஸ்டாக் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைக்கும் தொழிலாளி; குழந்தைகள் எண்மர். வறுமையிடையே பள்ளிக் கல்வியை முடித்து, எக்சிட்டர் நகரின் பிலிப்சு உயர்பள்ளியில் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வெப்பமூட்டும் வசதியற்ற மாடத்து அறையில் தங்கி, உலர்ந்த ரொட்டித் துண்டுகளை உண்டு, அதனால் நோயுற்றதும் உண்டு. அவருடைய நோக்கம் ஒன்றே: சமய போதகர் ஆவது.

யேலில் அவர் புகழ்பெற்றது பேஸ்பால் ஆட்டத்தில் பந்து எறிபவராக. தொழில்முறை அணிகள் பெரும் ஊதியம் தர முன்வந்தும், பணத்திற்கு ஆடுதல் தம் நோக்கத்திற்கு ஒவ்வாது என மறுத்தார். கால்பந்திலும் சிறந்து, 1889ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பெற்ற அனைத்து அமெரிக்க அணிப் பட்டியலில் இடம்பெற்றார். இளங்கலைப் பட்டத்திற்குப் பின் இறையியல் பயின்றபோதுதான் தம் குறையை உணர்ந்தார். மேடையேறினால் சொல் வரவில்லை. நாவன்மை இல்லாதவன் போதகனாக முடியாது என்று தெளிந்து, மன்றத்தைத் துறந்து திடலைத் தேர்ந்தார். சொல்லால் செய்ய இயலாத பணியைச் செயலால் செய்ய முனைந்தார் எனலாம்.

1890ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இளைஞர் கிறித்தவச் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கு உடன் பணியாற்றியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 இறுதியில் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். 1892 மார்ச்சு 11இல் பொதுமக்கள் முன் நடந்த ஆட்டத்தில் மாணவர் அணி ஆசிரியர் அணியை 5-1 என வென்றது. ஆசிரியர்களின் அந்த ஒரே புள்ளியை ஈட்டியவர் ஸ்டாக்.

மௌனம் தந்த பதவி

சிகாகோ என்றவுடன் 1893ஆம் ஆண்டின் சர்வ சமய மாநாடும் விவேகானந்தரும் நம் நினைவுக்கு வருவர். அதற்கு முந்தைய ஆண்டு அந்நகரில் ராக்ஃபெல்லரின் கொடையால் புதிய பல்கலைக்கழகம் ஒன்று திறக்கப்பெற்றது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் செமித்திய மொழிகளைக் கற்பித்த அறிஞர், ஸ்டாக்கின் ஆசிரியர். உடற்கல்வித் துறையை அமைக்க அவர் தம் பழைய மாணவரை அழைத்தார். ஆண்டுக்கு 1,500 டாலர் ஊதியம் என்றார். ஸ்டாக் பேசவில்லை. ஊதியத்தை 2,000 ஆக உயர்த்தினார். அப்போதும் பேச்சில்லை. முடிவில் 2,500 டாலரும் இணைப் பேராசிரியர் பதவியும் நிலையான பணியும் தருவதாகச் சொன்னார். ஸ்டாக் பேரம் பேசவில்லை; இத்தகைய பொறுப்புக்குத் தாம் தகுதியுடையவர்தாமா எனச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்பதே பின்னர்த் தெரியவந்த செய்தி.

இந்நியமனம் சிறியதன்று. உடற்பயிற்சி கற்பிப்பவருக்கு மொழியும் அறிவியலும் கற்பிப்போருக்கு ஒப்பான பேராசிரியர் தகுதி கிட்டிற்று. திடலும் வகுப்பறையே என ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஆயினும் முதலாண்டில் அணிக்குப் போதிய மாணவர் இன்மையால், முப்பது வயதுப் பேராசிரியரே களத்தில் இறங்கி ஆடவேண்டியிருந்தது.

1894ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழக மாணவி ஸ்டெல்லா ராபர்ட்சனை அவர் மணந்தார். எழுபது ஆண்டுகள் நீண்ட அவ்வில்லறத்தில் ஸ்டெல்லா ஆட்டங்களை நேரிற்கண்டு, ஒவ்வொரு நகர்வையும் வரைபடமாக்கிக் கணவருக்குத் தந்தார். ஸ்டாக்கின் வெற்றிகளில் செம்பாதி அவ்வம்மையாருடையது என்பதைப் பதிவு செய்வது நம் கடன்.

திடலும் அறமும்

சிகாகோவில் நாற்பத்தொரு பருவங்கள் பணியாற்றிய ஸ்டாக்கின் அணிகள் வட்டாரக் கூட்டமைப்பில் ஏழு முறை முதலிடம் பெற்றன. மோதிப் பழகும் பொம்மை, பேஸ்பாலில் மட்டையடி பழகும் வலைக்கூண்டு முதலிய பல புதுமைகள் அவர் பெயரால் வழங்குகின்றன. அக்காலத்து ஆட்டம் முரட்டுத்தனம் மிக்கது. களத்திலேயே இளைஞர்கள் உயிரிழந்தனர். 1905ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டுச் சீர்திருத்தம் கோரும் அளவிற்கு நிலை முற்றிற்று. அடுத்த ஆண்டு திருத்தப்பெற்ற விதிகள் பந்தை முன்னோக்கி வீசுவதற்கு இடமளித்தன. விதிக்குழுவில் இருந்த ஸ்டாக் அப்புதிய முறையை முனைந்து வளர்த்தவர்களுள் ஒருவர்.

1905 நவம்பர் 30இல் சிகாகோ, ஐம்பத்தாறு ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகன் அணியை 2-0 என வென்றது. நகரம் களியாட்டத்தில் திளைத்தது. சில வாரங்களில் ஹார்ப்பர் காலமானார். அந்த இரு புள்ளிகளுக்குக் காரணமாக நேர்ந்த மிச்சிகன் இளைஞரோ அப்பழியை வாழ்நாள் முழுவதும் சுமந்தார். வென்றோர் வரலாற்றை எழுதுகையில் இதனையும் எழுதாமல் விடுதல் முறையன்று.

ஸ்டாக்கின் உள்ளத்தைக் காட்டுவது அவர் வென்ற ஆட்டங்களினும் தோற்ற ஓர் ஆட்டமே என்பது என் கருத்து. 1922 அக்டோபர் 28இல் பிரின்சுடன் அணி சிகாகோவிற்கு வந்தது. இறுதிக் கால்பகுதி தொடங்கும்போது சிகாகோ 18-7 என முன்னணியில் இருந்தது. பிரின்சுடன் விரைந்து முன்னேறி 21-18 என்னும் நிலையை எட்டிற்று. கடைசி நொடிகளில் சிகாகோ எதிரணி எல்லைக்கு மிக அருகில் நெருங்கியது. மாற்று ஆட்டக்காரர் ஒருவரை அனுப்பி, எந்த வழியில் பந்தைச் செலுத்துவது எனச் சொல்லியிருக்கலாம். ஸ்டாக் சொல்லவில்லை. பக்கவாட்டிலிருந்து அறிவுரை அனுப்புதல் தகாது என விதிக்குழு கருதியிருந்தது. அக்குழுவில் தாமும் ஒருவர். களத்தில் இறங்கியபின் முடிவு செய்யும் உரிமை மாணவருடையது என்பது அவர் கொள்கை. மாணவர்கள் தம் விருப்பப்படி ஆடினர், தடுக்கப்பட்டனர், ஆட்டம் போயிற்று. தேர்வறையில் மாணவர் தவறான விடை எழுதுவதைப் பார்த்துக்கொண்டே கடந்து செல்லும் ஆசிரியரின் நெஞ்சு எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். அங்கே அரங்கு நிறைந்த மக்கள் முன் அவர் அதனைப் பொறுத்தார்.

குடியும் புகையும் வசைச்சொல்லும் அவரிடம் இல்லை. சினம் மிகுந்தால் மாணவரைக் கழுதை என்பார். அதற்குமேல் கடிந்ததில்லை என்பர்.

புகழின் மறுபக்கம்

எனினும் அவரைக் குறையற்றவராகக் காட்டுதல் வரலாறு ஆகாது. ஊதியம் பெற்று ஆடுதலை வெறுத்த அவரே, கால்பந்தைப் பெரும் வருவாய்த் துறையாக வளர்த்தார். ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்க்கும் அரங்கும் நுழைவுச்சீட்டு வருவாயும் பல்கலைக்கழகத்தின் விளம்பரமாயின. 1905இல் மிச்சிகனை வீழ்த்திய அணியின் நாயகர் வால்டர் எக்கர்சால், ஆட்டப் பருவங்கள் முடிந்ததும் பட்டம் பெறாமலே கல்வி நிலையத்தை விட்டு அகன்றார். ஆட்டத்தால் மனிதரை உருவாக்குவேன் என்றவர் அறையில் இத்தகைய கேள்விகளும் இருந்தன. திடலும் வகுப்பறையே என்னும் கொள்கை, வகுப்பறை வெறுமையாகித் திடல் மட்டும் நிறையும் நிலைக்கும் வழிகோலக்கூடும் என்பதை அவர் எவ்வளவு உணர்ந்தார் என்பது ஆராயத்தக்கது.

எழுபதுக்குப் பின்

1929இல் முப்பது வயதில் பல்கலைக்கழகத் தலைவரான ராபர்ட் ஹச்சின்சு, கல்வி நிலையத்தில் பெருவணிக விளையாட்டிற்கு இடமில்லை எனக் கருதினார். ஸ்டாக் எழுபதை எட்டியபோது ஓய்வு விதி அவர்மேல் செலுத்தப்பெற்றது. பயிற்சி அளிக்கும் பணி இல்லாத மதிப்புறு பதவியை அவர் ஏற்கவில்லை. 1932ஆம் ஆண்டுப் பருவத்தோடு சிகாகோவை நீங்கி, கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் பசிபிக் கல்லூரி என்னும் சிறு கல்லூரியில் 1933இல் புதிதாகத் தொடங்கினார். 1938இல் அச்சிறு கல்லூரி அணியோடு சிகாகோவுக்கே வந்து, தம் பெயர் தாங்கிய ஸ்டாக் திடலில் 32-0 என வென்றார். மறு ஆண்டு சிகாகோ மிச்சிகனிடம் 85-0 எனத் தோற்றது. அவ்வாண்டு இறுதியில் ஹச்சின்சு கால்பந்தையே நிறுத்திவிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான, பின்னர் ஹைசுமன் பரிசு எனப்பெற்ற விருதை முதன்முதலில் வென்றவர் அப்பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

1943இல் எண்பத்தொரு வயது ஸ்டாக் ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1946இல் பசிபிக் கல்லூரியும் அவரை ஒதுங்கச் சொன்னது. அவரோ பென்சில்வேனியாவின் சசுகுவானா கல்லூரியில் பயிற்சியாளராயிருந்த தம் மகனுக்குத் துணைவராகச் சென்றார். பின்னர் ஸ்டாக்டனுக்குத் திரும்பி, தொண்ணூறு கடந்தும் இளைஞர்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். 1964இல் ஸ்டெல்லா மறைந்தார். 1965 மார்ச்சு 17இல் அவரும் மறைந்தார். அவருடைய வெற்றிகள் 314 என்று நெடுங்காலம் கணக்கிடப்பெற்றன. 1981இல் அலபாமாவின் பேர் பிரையன்ட் 315ஆம் வெற்றி பெற்று அதனைக் கடந்தார்.

திடல் நூலகமாயிற்று

கால்பந்து நின்றபின் ஸ்டாக் திடலின் மேற்குப் பார்வையாளர் மேடையின் அடியில் இருந்த பந்தாட்டக் கூடத்தில், 1942 டிசம்பர் 2ஆம் நாள் என்ரிக்கோ ஃபெர்மி குழுவினர் மனிதரால் இயக்கப்பெற்ற முதல் தொடர் அணுக்கருப் பிளவை நிகழ்த்தினர். இளைஞர் உடல்களை ஆக்குவதற்கென எழுந்த திடல், அழிவின் பெருங்கதவு திறந்த இடமாகவும் உலகிற்கு அறிமுகமாயிற்று. 1957இல் அம்மேடைகள் இடிக்கப்பெற்றன. அத்திடல் இருந்த நிலத்தில் 1970இல் ரீகன்ஸ்டைன் நூலகம் திறக்கப்பெற்றது.

இங்கே நமக்கு நேரடியான தொடர்பு ஒன்றுண்டு. ஸ்டாக்கை அழைத்த ஹார்ப்பரின் பெயர் தாங்கிய பழைய நூலகத்தின் நிலவறையில்தான், 1962ஆம் ஆண்டு வாக்கில், பழந்தமிழ் இலக்கணம் தேடிச் சென்ற ஏ.கே. இராமானுசன், உ.வே.சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்தார். அதன் பயனாக 1967இல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து, சங்கக் கவிதையை உலகக் கவிஞர்கள் அறிந்தனர். இன்று அப்பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூல்கள் ரீகன்ஸ்டைன் நூலகத்தில் உள்ளன. அதாவது, ஸ்டாக்கின் மாணவர்கள் ஓடிய மண்ணின்மேல் நம் நூல்கள் நிற்கின்றன. உ.வே.சா. பதிப்பித்த ஒரு நூல் கால் நூற்றாண்டு கழித்து, கடல் கடந்து, நிலவறை ஒன்றில் தனக்குரிய வாசகரைக் கண்டது. அந்த வாசகரைப் பதிப்பாசிரியர் அறியார்.

ஒரு பருவம் முடிந்ததும் அணி எப்படி எனக் கேட்டோரிடம், இன்னும் இருபது ஆண்டுகள் சென்று அம்மாணவர் என்னவாயினர் எனப் பார்த்தபின் சொல்கிறேன் என்ற பொருளில் ஸ்டாக் விடையிறுப்பார் என்பர். வெற்றி எண்ணிக்கை பிறரால் கடக்கப்பட்டது. அவர் கட்டிய அணி கலைக்கப்பட்டது. அவர் திடலும் இல்லை. ஆயினும் கற்பித்தலின் பயனை அளக்கத் தம்மால் ஆகாது என அறிந்தும் நாள் தவறாமல் திடலுக்குச் சென்றாரே, அதுவே அவர் விட்டுச்சென்றது.

தேர்வுத்தாள் திருத்தி முடித்த இரவுகளில், நான் நடத்திய பாடல்களுள் எது யார் நெஞ்சில் தங்கிற்று என அறியாமல் அயர்ந்ததுண்டு. பத்து ஆண்டுகளாக இவ்வட்டத்தில் கவிதை படித்தோர்க்கும் அவ்வயர்ச்சி தெரிந்திருக்கும். கேட்டவர் சிலர், நினைவில் கொண்டவர் யாரென்பதை அறியோம். அதனை அளந்து சொல்லும் ஆண்டு இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்திற்குக் கவிதையோடு வருவது மட்டுமே நம் கையில் உள்ளது.